"லுக் ஃபார்வர்ட் டு" என்று எழுதினால் அடுத்து வருவது ஹியரா, ஹியரிங்கா?

நூல்கண்டு
எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு (துணி வாங்குபவருக்கு) சாம்பிள் அனுப்பியது, லேப் டிப் (நிறம் பார்த்து ஒப்புதல் தரச் சாயமிட்ட சிறு துணித் துண்டு) அனுப்பியது, ஷிப்மென்ட் தேதி என்று நாள் முழுக்க மெயில்தான் வேலை. எட்டு வருடமாக ஏறக்குறைய எல்லா மெயிலையும் ஒரே வரியில் முடித்து வருகிறேன்: "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ."

போன வாரம் எங்கள் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தார். என் மெயிலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இங்கே ஹியரிங் என்று வரணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அப்படித்தான் படித்தேன்" என்றார். எனக்கு மனது ஒப்பவில்லை. டு கோ, டு ஈட், டு ரைட் என்று, டு-வுக்குப் பிறகு வினைச்சொல் எதுவும் ஒட்டாமல் வரும் என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? டு கோயிங் என்று எழுதினால் அடிதான் விழும்.

எது சரி? அதைவிட முக்கியமாக, ஏன்? "வழக்கம் அப்படி" என்ற பதில் எனக்குப் போதாது. காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை கை தானாகச் சரியாக எழுதும்.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் சிலர் "லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை" என்றும் எழுதுகிறார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரைவாளர்
அந்தப் பெண் சொன்னதுதான் சரி. ஹியரிங்.

ஆங்கிலத்தில் டு என்று எழுதப்படும் சொல் ஒன்று, அது செய்யும் வேலை இரண்டு. "ஐ வான்ட் டு கோ" என்பதில் டு வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஐ வென்ட் டு மதுரை" என்பதில் அது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் முன்னிடைச்சொல். லுக் ஃபார்வர்ட் டு என்பதில் இருப்பது இந்த இரண்டாவது டு. அதற்குப் பிறகு பெயர்தான் வர முடியும். வினைச்சொல்லை அங்கே வைக்க வேண்டுமென்றால் இங் சேர்த்துப் பெயராக்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

எந்த டு என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. வினைச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரை வைத்துப் பார்ப்பேன். "ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை" சரியாக நிற்கிறது. "ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை" நிற்கவில்லை. முதலாவதில் இங் வேண்டும், இரண்டாவதில் வேண்டாம்.

அலுவலக ஆங்கிலத்தில் இதே வகை டு நிறைய உண்டு. "வித் எ வியூ டு ரெட்யூசிங் காஸ்ட்", "வி ஆப்ஜெக்ட் டு பேயிங் திஸ்", "இன் அடிஷன் டு சப்ளையிங் த கூட்ஸ்", "பிரையர் டு ஷிப்பிங்". ஒப்பந்தம் எழுதுகிறவர்களே "வித் எ வியூ டு ரெட்யூஸ்" என்று எழுதி நான் திருத்தியிருக்கிறேன்.

யூஸ்ட் டு இன்னும் வம்பு பிடித்தது. "ஐ யூஸ்ட் டு ரைட்" என்றால் முன்பு எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்டிங்" என்றால் எழுதிப் பழக்கப்பட்டவன். ஒரு ஆம், ஒரு இங், பொருளே மாறிவிடுகிறது.

சீதளம்
பையருக்கு விஷயம் புரிகிறது, ஆர்டர் வருகிறது. எட்டு வருடமாக ஒருவரும் குறை சொல்லவில்லை. பிறகு இதில் என்ன தவறு இருக்கிறது? நாம் எழுதுவது இந்திய ஆங்கிலம். "டூ த நீட்ஃபுல்" (ஆவன செய்க) என்று எழுதுகிறோம், "ப்ரீபோன்" என்கிறோம், "ப்ளீஸ் ரிவர்ட்" என்கிறோம். லண்டன்காரர் எழுதுகிற மாதிரியே எழுத வேண்டும் என்று ஏன் நம்மை நாமே வருத்திக்கொள்ள வேண்டும்? இது ஒரு உண்மையான கேள்வி, யாரையும் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை.

கோண்டாவில்
நான் ரொறன்ரோவில் புதிதாக வந்த ஆட்களுக்கு வேலைத்தல ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வகுப்பில் தமிழ் ஆட்கள் கனபேர். இந்தப் பிழையை அவர்களிடம் கனகாலமாகப் பார்க்கிறேன். வரைவாளர் சொன்ன விளக்கம் சரி. ஆனால் அது ஆங்கிலத்துக்குள் நின்று சொன்ன விளக்கம். தமிழுக்குள் நின்று பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

முதலில், பிழை எங்கிருந்து வருகிறது? தமிழில் நாங்கள் கடிதத்தை எப்படி முடிப்போம்? "தங்கள் பதிலைக் காண ஆவலாக உள்ளேன்." காண என்பது வினையெச்சம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் "டு ஸீ", "டு ஹியர்" என்றுதான் வரும். அந்த வாக்கியத்துக்கு அது பிழையும் இல்லை. "ஐ ஆம் ஈகர் டு ஹியர் ஃப்ரம் யூ" என்பது நல்ல ஆங்கிலம். மனதில் ஓடுவது "காண ஆவல்", கை எழுதுவது "லுக் ஃபார்வர்ட்". இரண்டும் பாதி வழியில் முட்டிக்கொள்கின்றன.

இப்போது ஆவலை விட்டுவிட்டு எதிர்நோக்குதலை எடுங்கள். லுக் ஃபார்வர்ட் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் அதுதான். "தங்கள் பதிலைக் காண எதிர்நோக்குகிறேன்" என்று யாராவது எழுதுவார்களா? எழுத மாட்டோம். "காண்பதை எதிர்நோக்குகிறேன்" என்போம். எதிர்நோக்குவதற்கு ஒரு பொருள் வேண்டும், பொருள் என்றால் பெயர் வேண்டும். காண்பது தொழிற்பெயர். அதனால்தான் அதில் ஐ உருபு ஒட்டுகிறது.

வினையெச்சத்தில் உருபு ஒட்டவே ஒட்டாது. காண என்பதோடு ஐ சேர்த்துப் பாருங்கள், கு சேர்த்துப் பாருங்கள். முடியாது. காண்பதை, காண்பதற்கு என்று தொழிற்பெயராக்கிய பிறகுதான் முடியும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்வது எங்கள் வேற்றுமை உருபின் வேலை. எங்களுக்குப் பின்னால் ஒட்டுகிறது, அவர்களுக்கு முன்னால் நிற்கிறது. லுக் ஃபார்வர்ட் டு என்பதில் அந்த டு ஓர் உருபு என்று வைத்துக்கொண்டால், ஹியர் ஏன் அங்கே நிற்காது என்பது தமிழ் தெரிந்த ஆளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். ஹியரிங் என்பது "கேட்பது".

ஃபார் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். "தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்." அந்த "ஆக" ஃபார் ஆகிவிடுகிறது. "வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை" என்றால் சரி. லுக் ஃபார்வர்ட் என்பதோடு அது சேராது. அதே வேகத்தில் "அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை" என்றும் எழுதுவார்கள். அவெயிட் என்பதற்கு ஃபார் தேவையில்லை, "அவெயிட்டிங் யுவர் ரிப்ளை" போதும்.

நூல்கண்டு
கோண்டாவில் ஐயா, மிக்க நன்றி. "காண எதிர்நோக்குகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உடனே காதில் இடறியது. இத்தனை வருடமாக ஆங்கிலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் படித்துக் காட்டினேன். அவருக்கும் காரணம் இப்போதுதான் தெரிந்ததாம்.

அடுத்த கேள்வி. சிலர் "ஐ லுக் ஃபார்வர்ட்" என்று எழுதுகிறார்கள், சிலர் "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்", நான் எழுதுவது வெறும் "லுக்கிங் ஃபார்வர்ட்". அதோடு, வரி முடிவில் சிலர் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள், சிலர் கால்புள்ளி. எது சரி?

முப்பதாண்டு மேசை
ஓய்வு பெற்ற ஸ்டெனோகிராஃபர் நான். டைப்ரைட்டிங் ஹையரும், பிட்மன் சுருக்கெழுத்தும் முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் அதிகாரிகள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிய கை இது. இந்தக் கால்புள்ளிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

அந்தக் காலத்து வணிகக் கடிதம் எப்படி முடியும் தெரியுமா? "ஹோப்பிங் டு ஹியர் ஃப்ரம் யூ சூன், ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி" என்று கடைசி மூன்று வரியும் ஒரே வாக்கியமாக ஓடும். "விரைவில் தங்கள் பதிலை எதிர்பார்த்து, தங்கள் உண்மையுள்ளவனாக இருக்கிறேன்" என்பதுபோல. அதே இடத்தில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று போட்டாலும் அது வாக்கியத்தின் முதல் துண்டு, முற்று பின்னால் வருகிறது. அதனால் அங்கே கால்புள்ளிதான் பொருத்தம். நாளடைவில் "ஐ ரிமெய்ன்" கழன்று விழுந்துவிட்டது. முன் துண்டும் கையெழுத்தும் மட்டும் நிற்கின்றன. இன்று பலர் கால்புள்ளி வைப்பது இல்லாமல் போன அந்த வாக்கியத்தின் தடம்தான்.

சொல்லியபடி எழுத வேண்டிய வேலை என்பதால் அந்தக் காலத்துச் சொற்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த மாதம் என்பதற்கு "இன்ஸ்டன்ட்", போன மாதம் "அல்டிமோ", வரும் மாதம் "ப்ராக்ஸிமோ". "யுவர் லெட்டர் ஆஃப் த 14த் இன்ஸ்டன்ட்" என்று அடிப்போம். வந்த கடிதத்தைக் கடிதம் என்று சொல்லாமல் "யுவர் ஃபேவர்" என்று எழுதிய பழைய கோப்புகளையும் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் போய்விட்டன. இந்த ஒரு வரி மட்டும் தப்பிப் பிழைத்து மெயில் வரை வந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று எழுவாயோடு எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். முழு வாக்கியம், எந்த இடத்திலும் குறையில்லை, புதிய ஆளுக்கும் எழுதலாம். "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்" கொஞ்சம் நெருக்கமான தொனி, பழகிய பையருக்கு ஏற்றது. நிறுவனத்தின் சார்பில் எழுதினால் ஐ-க்குப் பதில் வி. எழுவாய் இல்லாத வடிவத்தை அவசர மெயிலில் யாரும் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் விலைப்புள்ளி, ஒப்பந்தம், வேலை விண்ணப்பம் ஆகியவற்றில் நான் எழுத மாட்டேன்.

கையெழுத்துக்கு மேலே வரும் சொல்லையும் சொல்லிவிடுகிறேன், இதிலும் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிரிட்டிஷ் முறையில் "டியர் சர்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". அமெரிக்கர்களுக்கு "சின்சியர்லி" போதும்.

வரைவாளர்
சீதளம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நல்ல கேள்வி, அதைக் கடந்து போகக் கூடாது.

நீங்கள் சொன்ன மூன்றும் சொற்கள், சொற்றொடர்கள். ப்ரீபோன் ஒரு தேவைக்குப் பிறந்த சொல். தள்ளிவைப்பதற்கு போஸ்ட்போன் இருக்கிறது, முன்கூட்டி வைப்பதற்கு அதற்கு இணையாகப் பரவலான ஒற்றைச் சொல் இல்லை, நம்மவர்கள் அதைப் பரவலாக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் இன்று அது இருக்கிறது. "டூ த நீட்ஃபுல்" பிரிட்டிஷ்காரர்களே எழுதிய தொடர்தான். அவர்கள் கைவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டோம். இவற்றை நான் பிழை என்று சொல்ல மாட்டேன்.

ரிவர்ட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா அலுவலகங்களில் அந்தச் சொல்லுக்கு "பதில் எழுதுதல்" என்று பொருள். மற்ற இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புதல் என்றுதான் முதலில் படிப்பார்கள். "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த டிசைன்" என்று பையருக்கு எழுதினால் பழைய டிசைனுக்கே போகச் சொல்கிறீர்களோ என்று அவர் குழம்ப இடமிருக்கிறது. ரிப்ளை என்று எழுதினால் தீர்ந்தது. ரிவர்ட் பேக் என்றால் அதே பொருள் இருமுறை வருகிறது. லத்தீனில் ரிவர்ட் என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது.

டு ஹியர் இந்த வகையில் சேராது. அது நாம் உருவாக்கிய சொல் இல்லை, நமக்குத் தேவையான புதுப் பொருள் எதையும் அது தருவதும் இல்லை. இந்தியாவில் அச்சாகும் ஆங்கில நாளிதழ்களை எடுத்துப் பாருங்கள், ஹியரிங் என்றுதான் இருக்கும். இந்திய ஆங்கிலத்தின் இலக்கணமும் இதுதான். லண்டனுக்காக நான் இதைச் சொல்லவில்லை.

சீதளம்
பிரித்துச் சொன்னது புரிகிறது, ஏற்றுக்கொள்கிறேன். ரிவர்ட் பற்றி நீங்கள் சொன்னபிறகுதான் யோசித்தேன். ஒரு முறை ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் "ரிவர்ட் டு வாட்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அப்போது அவருக்கு ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் உங்கள் பெயர்ச் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. "வி அக்ரீ டு யுவர் ப்ரைஸ்" என்று பெயர் வருகிறது. அப்படியானால் "வி அக்ரீ டு பேயிங்" என்றுதானே வர வேண்டும்? ஆனால் எல்லா ஒப்பந்தத்திலும் "அக்ரீஸ் டு பே" என்றுதான் இருக்கிறது.

வரைவாளர்
சரியாகப் பிடித்தீர்கள். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அக்ரீ, கன்சென்ட் போன்ற சில வினைகள் இரண்டு டு-வையும் ஏற்கும். பெயர் வந்தால் முன்னிடைச்சொல், வினை வந்தால் பெரும்பாலும் மற்ற டு. அவற்றுக்கு என் சோதனை உதவாது, தனியாகத்தான் மனதில் வைக்க வேண்டும். லுக் ஃபார்வர்ட், ஆப்ஜெக்ட், பழக்கத்தைச் சொல்லும் "ஆம் யூஸ்ட்", வித் எ வியூ இவற்றுக்கு எழுத்தாங்கிலத்தில் முன்னிடைச்சொல் டு ஒன்றுதான். அங்கே சோதனை ஏமாற்றாது.

கோண்டாவில்
ஒரு சின்னச் செய்தி சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. "டு கோ" என்பதில் வரும் அந்த டு-வும் ஆதியில் முன்னிடைச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் பின்னால் வந்த வினை சும்மா வராது, நான்காம் வேற்றுமை விகுதியோடு வரும். இன்றைய "டு டூ" அன்று "டோ டோன்னே" என்று இருந்தது. அப்படியே எங்கள் "செய்வதற்கு". காலப்போக்கில் விகுதி தேய்ந்து போனது, முன்னால் நின்ற டு மட்டும் மிஞ்சி, வினையோடு ஒட்டிக்கொண்டது. இன்று இரண்டாகத் தெரிவது ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது. ஆகவே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஒருவருக்கும் வெட்கப்படும் விஷயம் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் தெளிந்துவிடும்.

அந்திமல்லி
இலக்கணம் எல்லாம் படித்தேன், அருமை. மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இந்த வரியைச் சரியாக எழுதுவதைப் போலவே எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். அதற்காக ஒன்று சொல்ல வேண்டும்.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் எல்லா மெயிலுக்கும் ஒரே அச்சு வடிவம். கடைசி வரி "வி லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று அதிலேயே பதிந்திருக்கும். இலக்கணம் சுத்தம். நேர்காணலுக்கு வந்து தேர்வாகாத ஒருவருக்கு, உங்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்ற மெயில் அதே வடிவத்தில் போனது. அடுத்த நாள் காலை அவரிடமிருந்து பதில்: "நான் எதை அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்துவிட்டார். நான்தான் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அந்தக் குரலை மறக்க முடியவில்லை. அன்றே அந்த வரியை வடிவத்திலிருந்து எடுக்கச் சொல்லி மேலாளரிடம் சண்டை போட்டேன்.

எதிர்நோக்குகிறேன் என்று எழுதினால் நாம் உண்மையில் எதையோ எதிர்நோக்க வேண்டும். தகவல் மட்டும் சொல்லும் மெயிலில் அது வேண்டாம். எதிர்நோக்குவது என்ன என்று தெரிந்தால் அதையே எழுதிவிடலாம். பாக்கி வர வேண்டும் என்றால் "வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் பேமென்ட் பை ஃப்ரைடே" என்று. மரியாதையும் குறையாது, கிழமையும் பதிவாகிவிடும். ஒருவர் வேலையில் சேரப்போகிறார் என்றால் "வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் ஜாயினிங் அஸ்". இந்த இடத்தில் யுவர், யூ இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. யுவர் சற்று முறையானது.

முப்பதாண்டு மேசை
அந்திமல்லி அம்மா, நீங்கள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசியது பெரிய காரியம்.

நூல்கண்டு
அந்திமல்லி சொன்னதைப் படித்துவிட்டு, இந்த வாரம் அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தேன். ஷிப்மென்ட் கிளம்பிவிட்டது என்று மட்டும் சொன்ன மெயிலிலும் அந்த வரி இருக்கிறது. அங்கே பையர் எனக்கு எதையும் சொல்ல வேண்டியதே இல்லை. லேப் டிப் அனுப்பிய மெயிலில் மட்டும்தான் உண்மையில் பதில் வேண்டும். எந்த நிறத்துக்கு ஒப்புதல் என்று தெரியாமல் துணியைச் சாயத்துக்கு அனுப்ப முடியாது, ஒரு நாள் தள்ளினால் தையல் வரை எல்லாம் தள்ளும். ஆனால் அந்த மெயிலிலும் இதே பொதுவான வரிதான். எனக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று அதில் இல்லை.

இப்போது அதை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "வி லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் அப்ரூவல் ஆன் த லேப் டிப்ஸ் பை வெட்னஸ்டே." அனுப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லுங்கள்.

வரைவாளர்
நன்றாக இருக்கிறது. அப்ரூவல் என்பதற்குப் பிறகு ஆன் என்று உங்கள் துறையில் எல்லோரும் எழுதுகிறார்கள், தெரியும். பொது வழக்கில் அங்கே ஆஃப். "அப்ரூவல் ஆஃப் த லேப் டிப்ஸ்." கிழமையோடு தேதியையும் போடுங்கள். அவர்கள் அந்த மெயிலை எந்த வாரம் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

நூல்கண்டு
மாற்றிவிட்டேன், தேதியும் சேர்த்தாயிற்று. மெயில் போய்விட்டது.